அம்பாசடர் இன்ஜினின் முன்பக்கச் சத்தம்: டைமிங் செயின் டென்ஷனர் ஸ்பிரிங்கை எப்போது சந்தேகிப்பது, எப்படி மாற்றுவது

பழைய அம்பாசடர் பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 1489 சிசி, நான்கு சிலிண்டர், வால்வுகள் மேலே இருக்கும் பி-சீரிஸ் இன்ஜின். அம்பாசடருக்கு மூலமான மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் வழியே இங்கிலாந்திலிருந்து வந்தது. உத்தரபாராவில் 2014 மே மாதம் அம்பாசடர் தயாரிப்பு நின்றுபோன பிறகும் நம் ஊர்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. 1800 சிசி இசுசு இன்ஜின் போட்ட வண்டிகளுக்கும் டீசல் வண்டிகளுக்கும் இங்கே சொல்லும் அளவுகள் பொருந்தாது.

என் வண்டியில் இந்தச் சத்தம் வந்தபோது ஒரு பட்டறையில் பிக் எண்ட் பேரிங் (கனெக்டிங் ராடு கிராங்க்கைப் பிடிக்கும் இடத்துப் பேரிங்) போய்விட்டது என்றார்கள். இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்பைக் கழற்றினார்கள். பேரிங்குகள் நன்றாகவே இருந்தன. சம்பின் அடியில் படிந்திருந்த வண்டலில் மட்டும் சில கறுப்பு ரப்பர் துணுக்குகள் கிடந்தன. அவற்றை யாரும் பொருட்படுத்தவில்லை. பழைய கேஸ்கெட் என்று துடைத்துப் போட்டுவிட்டார்கள். உண்மையில் அந்தத் துணுக்குகள்தான் நோய் எங்கே என்று காட்டிக்கொண்டிருந்தன. அதனால்தான் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் சத்தத்தைப் பிரித்தறிவதற்கு இந்தக் கட்டுரையில் பாதி இடத்தை ஒதுக்குகிறேன்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடி கலகலப்பு, பிறகு அமைதி

டென்ஷனர், அதாவது டைமிங் செயினை விறைப்பாக வைத்திருக்கும் உறுப்பு, அதன் ஸ்பிரிங் தளர்ந்ததற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி இல்லை. இரவு முழுவதும் நின்ற வண்டியை எழுப்பியதும், சைக்கிள் செயினைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்குவது போன்ற சத்தம் ரேடியேட்டருக்குப் பின்னாலிருந்து வரும். ஆயில் விளக்கு அணைந்து ஓரிரு விநாடிகளில் அடங்கிவிடும். பகலில் சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் வராது.

காரணத்தைப் புரிந்துகொண்டால் மற்ற அறிகுறிகளும் தாமாகவே விளங்கும். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டிலிருந்து வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டுக்கு இரட்டை வரிசைச் செயின் ஓடுகிறது. கிராங்க் இழுக்கும் பக்கம் விறைப்பாக இருக்கும், எதிர்ப்பக்கம் தொய்யும். தொய்யும் பக்கத்தில்தான் டென்ஷனர் உட்கார்ந்திருக்கிறது. செயினைத் தொடும் தலையில் ரப்பர் முகம். தலைக்குப் பின்னால் குழல் வடிவப் பிளஞ்சர். பிளஞ்சருக்குள் ஒரு ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் மறுமுனையில் ஒரு சிறிய சிலிண்டர். அந்தச் சிலிண்டரில் சரிவாக ஒரு பள்ளம் வெட்டி, அதன் ஒரு விளிம்பில் படிக்கட்டு போலப் பற்கள் விட்டிருப்பார்கள். பிளஞ்சரின் உட்சுவரில் உள்ள சிறு முளை அந்தப் பள்ளத்தில் ஓடும். செயின் தேயத் தேய ஸ்பிரிங் தலையை முன்னே தள்ளும், முளை அடுத்த படிக்கு ஏறும், ஏறிய படியிலிருந்து பின்னால் வராது. இதற்கு மேல், பிளாக்கிலிருந்து வரும் ஆயில் டென்ஷனருக்குள் புகுந்து பிளஞ்சரைப் பின்னாலிருந்து தாங்கும். மிஞ்சியது தலையிலுள்ள சிறு துளை வழியே வெளியேறிச் செயினை நனைக்கும்.

ஆக, இன்ஜின் நின்றிருக்கும்போது செயினைத் தாங்குவது ஸ்பிரிங் ஒன்றுதான். ஆயில் அழுத்தம் வரும் வரையிலான சில விநாடிகள் முழுக்க அதன் பொறுப்பு. ஸ்பிரிங் சோர்ந்துவிட்டால் முளை அடுத்த படிக்கு ஏறாது. தலை முன்னும் பின்னும் ஆடும், செயின் தன்னை மூடியிருக்கும் டைமிங் கவரில் உரசும். ஆயில் வந்ததும் அந்தக் குறையை ஆயில் மறைத்துவிடும். சத்தம் நின்றுவிடுகிறதே என்று பலர் வருடக்கணக்கில் விட்டுவிடுவது இதனால்தான்.

சூடேறிய பிறகும் ஐடிலில் சத்தம் நிற்கவில்லை

இங்கே ஸ்பிரிங்கை மட்டும் குற்றம் சொல்வது அவசரம். ஆயில் அழுத்தத்தை முதலில் பாருங்கள். சூடான ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) ஆயில் விளக்கு மினுமினுத்தால் டென்ஷனருக்குப் போதிய ஆயில் போகவில்லை; அதற்குக் காரணம் தேய்ந்த பேரிங்காகவோ தேய்ந்த ஆயில் பம்பாகவோ இருக்கலாம். இந்த இன்ஜினுக்கு 20டபிள்யூ-50 போன்ற கனமான ஆயில்தான் ஏற்றது. இன்றைய சிறிய கார்களுக்கான மெல்லிய ஆயிலை ஊற்றியிருந்தால் முதலில் அதை மாற்றிவிட்டுக் கேளுங்கள்.

அழுத்தம் சரியாக இருந்தும் சத்தம் நிற்கவில்லை என்றால், பிளஞ்சர் ஓடும் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கலாம், ஆயில் வழி அடைத்திருக்கலாம், அல்லது டென்ஷனர் எட்டிப் பிடிக்க முடியாத அளவுக்குச் செயின் நீண்டிருக்கலாம். மூன்றும் கவரைத் திறந்த பிறகே தெரியும். இந்த நிலையில் வெறும் ஸ்பிரிங்கை வாங்கி வைத்துக்கொண்டு கவரைத் திறக்காதீர்கள். டென்ஷனர் முழு செட், செயின், கவர் கேஸ்கெட், ஆயில் சீல் எல்லாம் கையில் இருக்கட்டும்.

ஆக்சிலரேட்டரைத் தூக்கும்போது மட்டும் கடகடப்பு

வேகத்தில் போய்க் காலை எடுத்ததும் முன்பக்கத்தில் கடகடவென்று கேட்டு, மறுபடி மிதித்தால் அடங்கினால், பெரும்பாலும் செயினே நீண்டிருக்கிறது. இழுவை மாறும் நேரத்தில் தொய்வு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாவுகிறது. புது ஸ்பிரிங் போட்டால் சில வாரம் அடங்கி மீண்டும் வரும்.

டைமிங் லைட்டில் குறி ஒரே இடத்தில் நிற்கவில்லை

பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றுவது கேம் ஷாஃப்ட். செயின் ஆடினால் கேம் ஆடும், தீப்பொறி விழும் நேரமும் ஆடும். ஐடில் கரடுமுரடாகும், டியூனிங் எத்தனை முறை செய்தாலும் நிலைக்காது. தேய்ந்த டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டும் இதே அறிகுறியைத் தரும் என்பதால் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை எடுத்துவிட்டு உள்ளே சுழலும் ரோட்டரைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். அங்கேயே ஆட்டம் இருந்தால் முதல் குற்றவாளி ஷாஃப்ட் புஷ். ஆட்டம் இல்லையென்றால், கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு இன்ஜின் சுற்றும் திசையில் மெதுவாகத் திருப்பி, ரோட்டர் நகரத் தொடங்கியதும் நிறுத்துங்கள். புல்லியில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். இப்போது எதிர்த்திசையில் திருப்புங்கள். ரோட்டர் நகருவதற்கு முன் புல்லி எவ்வளவு தூரம் வெறுமனே சுற்றுகிறது என்று கவனியுங்கள். கொஞ்சம் இடைவெளி எப்போதும் இருக்கும், ஏனென்றால் டிஸ்ட்ரிபியூட்டரின் பல்சக்கரத்துக்கும் ஆட்டம் உண்டு. ஆனால் கோடு கண்ணுக்கு நன்றாகத் தெரியும்படி விலகிப்போன பிறகும் ரோட்டர் அசையாமல் நின்றால் செயினையும் டென்ஷனரையும் பார்த்தே ஆக வேண்டும்.

செயின் சத்தம் போலவே ஏமாற்றும் மற்ற சத்தங்கள்

பேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து கேளுங்கள். சத்தம் மறைந்தால் வாட்டர் பம்ப் பேரிங் அல்லது டைனமோ. பெல்ட் இல்லாமல் பம்ப் சுற்றாது, ஆகவே அரை நிமிடத்துக்கு மேல் ஓடவிடக் கூடாது. வால்வுகளை இயக்கும் டேப்பெட்டின் சத்தம் மேலிருந்து வரும். சீரான டிக்டிக், இன்ஜின் வேகத்தில் பாதி வேகத்தில் கேட்கும். பிக் எண்ட் சத்தம் கனமாக, அடியிலிருந்து, சுமை ஏறும்போது தட்டும். அந்தச் சிலிண்டரின் பிளக் வயரை எடுத்தால் அது குறையும். செயின் சத்தம் அப்படிக் குறையாது.

நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை டைமிங் கவரில் வைத்து, பிடியைக் காதெலும்பில் அழுத்திக் கேட்பது எளிய வழி. டேப்பெட் கவர், வாட்டர் பம்ப், டைமிங் கவர் மூன்றிலும் மாறி மாறி வைத்துக் கேட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். பேன் சுற்றிக்கொண்டிருக்கிறது என்பதை மறக்காதீர்கள். தோளில் துண்டு வேண்டாம், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிவதும் வேண்டாம். பேன்ட் போட்டுச் சட்டைக் கையை மடித்துவிடுங்கள்.

கவரைத் திறப்பது

பேட்டரி எர்த் வயரைக் கழற்றுங்கள். இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு தண்ணீரை வடித்து ரேடியேட்டரை வெளியே எடுத்துவிடுங்கள். ரேடியேட்டரை வைத்துக்கொண்டே வேலை செய்ய முயல்பவர்கள் விரல் முட்டியையும் ரேடியேட்டர் துடுப்புகளையும் ஒருசேரக் கெடுத்துக்கொள்கிறார்கள். பிறகு பேன் பெல்ட்.

அடுத்து கிராங்க் புல்லி நட். அதன் லாக் வாஷரின் மடிந்த காதை முதலில் நிமிர்த்த வேண்டும். டாப் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, நீளமான பிடியுள்ள ஸ்பேனரால் ஒரே வெட்டாகத் தளர்த்துங்கள். இந்த இன்ஜினுக்கு அங்குல அளவு ஸ்பேனர்களையே பயன்படுத்துங்கள். மில்லிமீட்டர் ஸ்பேனர் ஏறக்குறைய உட்காரும், ஆனால் போல்ட்டின் முனைகளை உருட்டிவிடும். புல்லியை இருபுறமும் சமமாக நெம்பி இழுங்கள், புல்லி ஷாஃப்டில் வழுக்காமல் பிடிக்கும் சாவியை (சிறு உலோகத் துண்டு) தொலைத்துவிடாதீர்கள்.

கவரின் போல்ட்டுகள் இரண்டு அளவு. எது எந்தத் துளையிலிருந்து வந்தது என்பதற்கு ஓர் அட்டையில் கவரின் படம் வரைந்து, அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். கவர் வந்ததும் அதன் உட்புறத்தைப் பாருங்கள். செயின் உரசிய வெள்ளிக் கோடு இருந்தால் நோய் நீங்கள் நினைத்ததைவிடப் பழையது. கிராங்க் மீதுள்ள ஆயில் எறியும் தகட்டை எடுக்கும்போது எந்தப் பக்கம் வெளிநோக்கி இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். எழுத்து பொறித்த தகடு என்றால் எழுத்து வெளியே தெரிய வேண்டும்.

இப்போதே இரண்டு பல்சக்கரங்களிலும் உள்ள குழிக்குறிகள் ஒன்றையொன்று நேராகப் பார்க்கும்படி கிராங்க்கைத் திருப்பி நிறுத்திவிடுங்கள். கிராங்க் சாவி உச்சியிலும், கேம் சாவி கடிகாரத்தில் ஒரு மணி இருக்கும் இடத்திலும் நிற்கும். இதற்குப் பிறகு வேலை முடியும் வரை கிராங்க்கைத் தொடக் கூடாது.

டென்ஷனரைக் கழற்றிப் பிரிப்பது

டென்ஷனர் உடலின் கீழ்ப்பக்கத்தில் ஒரு சிறிய பிளக் போல்ட் இருக்கும். அதன் பூட்டுத் தகட்டை நிமிர்த்திக் கழற்றுங்கள். துளைக்குள் 1/8 அங்குல ஆலன் கீயை நுழைத்தால் உள்ளேயிருக்கும் சிலிண்டரில் உட்காரும். 3 மில்லிமீட்டர் கீ தளர்வாக இருக்கும், வேண்டாம். கீயை வலப்பக்கமாக, அதாவது கடிகார முள் திசையில், அரைச் சுற்று முதல் ஒரு சுற்று வரை திருப்பினால் ரப்பர் தலை பின்வாங்கிப் பூட்டிக்கொள்ளும். எந்தக் கட்டத்திலும் இடப்பக்கம் திருப்பாதீர்கள். பற்களின் விளிம்பு முறிந்தால் டென்ஷனரே போயிற்று.

தலை பூட்டியதும் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றினால் டென்ஷனரும் அதன் பின்தகடும் சேர்ந்து வரும். பிளஞ்சரை உடலிலிருந்து இழுங்கள். இங்கே கவனம் தேவை: ஆலன் கீயைச் சிலிண்டரில் வைத்து, பிளஞ்சரை உள்ளங்கைக்குள் இறுகப் பிடித்துக்கொண்டு, மெதுவாக வலப்பக்கம் திருப்பினால் ஸ்பிரிங்கும் சிலிண்டரும் விடுபடும். பிடி தளர்ந்தால் மூன்றும் மூன்று திசையில் பறக்கும். நான் ஒரு பழைய துணியைக் கையைச் சுற்றிப் போட்டுக்கொள்வேன்.

இப்போது நான்கு விஷயங்களைப் பாருங்கள். பிளஞ்சர் ஓடும் துளையின் வாய்ப்பகுதியை இரண்டு திசைகளில் அளந்தால், வேறுபாடு 0.003 அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 0.076 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு தலைமுடியின் பருமன். அதைத் தாண்டினால் உடலையே மாற்ற வேண்டும். புது ஸ்பிரிங் அங்கே வீண். ரப்பர் முகத்தில் செயினின் இரண்டு வரிசையும் ஆழமாகத் தடம் பதித்திருந்தால் தலையை மாற்ற வேண்டும். உடலுக்கு ஆயில் வரும் துளையையும் தலையிலுள்ள துளையையும் மண்ணெண்ணெயில் கழுவி ஊதிப் பாருங்கள். இரண்டிலும் காற்று தடையில்லாமல் போக வேண்டும். கடைசியாக, பழைய ஸ்பிரிங்கைப் புதியதன் பக்கத்தில் நிமிர்த்தி வைத்து உயரத்தை ஒப்பிடுங்கள். குட்டையாகிவிட்டதா, வளைந்திருக்கிறதா என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

பழைய ஸ்பிரிங்கைக் கையால் இழுத்து நீட்டிப் போடுவதும், அடியில் ஒரு வாஷரை வைத்துத் தூக்குவதும் சில இடங்களில் வழக்கமாக இருக்கிறது. இரண்டையும் நான் ஏற்கவே மாட்டேன். நீட்டிய ஸ்பிரிங் சூட்டில் மீண்டும் குறுகிவிடும். வாஷர் வைத்தால் சிலிண்டர் பிளஞ்சருக்குள் முழுமையாக இறங்காது, பூட்டு சரியாக விழாது. ரேடியேட்டர் வரை கழற்றிச் செய்யும் வேலையில் சில ரூபாய் மிச்சம் பிடிப்பது யாருக்கும் நன்மை இல்லை.

சென்னையில் ஜி.பி. ரோட்டுக் கடைகளில் முழு செட்டாகவே கேளுங்கள். புதுப்பேட்டையில் பழைய டென்ஷனர் வாங்கினால் அங்கேயே பிளஞ்சரை இழுத்துத் துளையில் ஆட்டிப் பார்த்து வாங்குங்கள். பி-சீரிஸ் இன்ஜின் போட்ட பழைய பிரிட்டிஷ் எம்ஜி கார்களிலும் இதே வகை டென்ஷனர்தான் இருந்தது. ஆனால் எம்ஜிக்கென்று விற்பதை வரவழைத்தால் போல்ட் துளை, பின்தகடு, தலையின் நீளம் மூன்றையும் பழையதுடன் ஒப்பிட்ட பிறகே பொருத்துங்கள்.

செயினைப் பார்க்காமல் மூடாதீர்கள்

டென்ஷனர் வெளியே இருக்கும்போதே செயினைக் கவனியுங்கள். பழைய டென்ஷனரின் தலை ஏறக்குறைய முழு நீளத்துக்கும் வெளியே வந்திருந்ததா? அப்படியானால் செயின் நீண்டுவிட்டது. மாற்றுவதென்றால் இரண்டு பல்சக்கரங்களையும் செயினோடு சேர்த்துச் சிறிது சிறிதாக மாறி மாறி நெம்பி வெளியே எடுக்க வேண்டும். கிராங்க் பல்சக்கரத்துக்குப் பின்னால் மெல்லிய சமன்படுத்தும் வாஷர்கள் இருக்கும். அவை எண்ணிக்கை மாறாமல் திரும்பப் போக வேண்டும். வெளியே எடுத்த செயினைப் பக்கவாட்டில், தட்டையாக, ஒரு முனையைப் பிடித்து நீட்டிப் பாருங்கள். நல்ல செயின் ஏறக்குறைய நேராக நிற்கும்; தேய்ந்தது வில்லாக வளையும். பல்சக்கரப் பற்கள் ஒரு பக்கம் சாய்ந்து கொக்கி போல் ஆகியிருந்தால் அவற்றையும் மாற்றிவிடுங்கள்.

திரும்பப் பூட்டுவது

எல்லா உறுப்புகளையும் புது ஆயிலில் நனையுங்கள். ஸ்பிரிங்கைப் பிளஞ்சருக்குள் விட்டு, அதன் மேல் சிலிண்டரை வைத்து அழுத்துங்கள். பள்ளம் முளையில் மாட்டியதும் அழுத்தத்தை விடாமல் ஆலன் கீயால் வலப்பக்கம் திருப்பினால் சிலிண்டரின் முனை முளைக்குக் கீழே இறங்கி, ஸ்பிரிங் அழுந்திய நிலையில் நின்றுவிடும். கையை மெதுவாக எடுத்துப் பாருங்கள். எதுவும் நகரக் கூடாது. நகர்ந்தால் பூட்டு விழவில்லை, மீண்டும் செய்யுங்கள். முதல் முறை செய்பவருக்கு இது நான்கைந்து தடவை வழுக்கும்; அதற்காகக் கோபப்பட்டு இடுக்கியைத் தூக்காதீர்கள், பிளஞ்சரில் விழும் கீறல் டென்ஷனரைச் சிக்கவைக்கும்.

பின்தகட்டோடு இன்ஜினில் பொருத்தி, போல்ட்டுகளை இறுக்கி, பூட்டுத் தகட்டை மடியுங்கள். இதற்கு அடுத்ததுதான் பலரும் மறக்கும் படி. தலை இன்னும் பூட்டிய நிலையில்தான் இருக்கிறது. கீழ்த்துளையில் ஆலன் கீயை மீண்டும் நுழைத்து, வலப்பக்கமே திருப்புங்கள். 'டக்' என்று தலை முன்னே தாவிச் செயினில் உட்காரும். இதைச் செய்யாமல் கவரை மூடினால், புது ஸ்பிரிங் போட்ட இன்ஜின் முன்பைவிடப் பெரிய சத்தத்தோடு எழும்பும். தலையை ஸ்குரூ டிரைவரால் நெம்பிச் செயின் மேல் தள்ளவும் கூடாது. அதன் இடத்தை ஸ்பிரிங் தானாகவே கண்டுகொள்ள வேண்டும். பிறகு பிளக் போல்ட்டைப் போட்டுப் பூட்டுங்கள்.

குழிக்குறிகள் இன்னும் நேருக்கு நேர் நிற்கின்றனவா என்று ஒரு முறை பாருங்கள். கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிக் குறிகள் அதே இடத்துக்குத் திரும்புவதையும் உறுதி செய்யுங்கள். ஆயில் எறியும் தகட்டைப் பழைய திசையிலேயே போடுங்கள். கவரில் புது ஆயில் சீல், புது கேஸ்கெட். கவர் போல்ட்டுகளை முதலில் தளர்வாக விட்டு, புல்லியைச் சீலுக்குள் செலுத்திக் கவர் நடுவாக உட்கார்ந்த பிறகு இறுக்குங்கள். கவரை முதலில் இறுக்கிவிட்டால் சீல் ஒருபுறம் அழுந்தி ஆயில் கசியும். கால் அங்குல போல்ட்டுகளுக்கு 6 பவுண்டு-அடி, 5/16 அங்குல போல்ட்டுகளுக்கு 14 பவுண்டு-அடி போதும். புல்லி நட்டுக்கு 70 பவுண்டு-அடி, லாக் வாஷரின் காதை மறக்காமல் மடியுங்கள்.

முதல் ஸ்டார்ட்

தண்ணீர் ஊற்றி, பெல்ட் மாட்டி, ஆயில் அளவு பார்த்த பிறகு உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். டென்ஷனருக்குள் இப்போது ஆயில் இல்லை. ஸ்பார்க் பிளக்குகளைப் பொருத்தாமலேயே செல்ஃப் ஸ்டார்ட்டரை இடைவெளி விட்டு விட்டு அழுத்தி, ஆயில் விளக்கு அணையும் வரை இன்ஜினைச் சுற்றவிடுங்கள். பிறகு பிளக் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் ஓரிரு விநாடி சத்தம் இருக்கலாம். இக்னிஷன் டைமிங்கை லைட் வைத்துச் சரிபாருங்கள். செயின் தொய்வு போய்விட்டதால் அது சற்று மாறியிருக்கும்.

உண்மையான சோதனை மறுநாள் காலையில். இரவு முழுவதும் நிற்கட்டும். எழுந்ததும் பானெட்டைத் திறந்துவைத்து, வேறொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு, ரேடியேட்டர் பக்கம் நின்று கேளுங்கள். கலகலப்பு இல்லையென்றால் வேலை சரி. இருந்தால், டென்ஷனர் தலையின் பூட்டை விடுவித்தீர்களா என்பதை முதலில் சந்தேகியுங்கள். அதற்கு அடுத்து பின்தகடு சரியாக உட்காராமல் ஆயில் வழியை மறைக்கிறதா என்பதை. இரண்டும் சரியென்றால் துளையை அளந்தபோது எங்கோ தவறியிருக்கிறீர்கள், உடலை மாற்றுங்கள்.

என் வண்டியில் ஸ்பிரிங், தலை, செயின் மூன்றும் மாற்றினேன். சம்பை இன்னொரு முறை கழற்றி ஆயில் ஸ்ட்ரெயினரையும் கழுவினேன். ஸ்ட்ரெயினர் வலையில் அதே கறுப்பு ரப்பர் துணுக்குகள் அப்பியிருந்தன.